நிவேதனாவின் முழுக்குத் தண்ணீர்

குழாய் அடைப்பு எடுக்கும் செபமாலை மோட்டார் சைக்கிளை வாசலில் நிறுத்திவிட்டு, நீளக் கம்பியும் வாளியுமாக உள்ளே வந்தபோது காலை பத்து மணி. உரும்பிராயில் அன்றைக்கு நல்ல வெயில். முற்றம் முழுக்கச் சீமெந்துக் கல் பதித்திருந்ததால் கால் வைத்தால் சுட்டது. இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. நடந்தது எதுவும் இருட்டில் நடக்கவில்லை. இருட்டில் நடந்திருந்தால் வீட்டுக்காரி கமலாவதி தன் கண்ணையாவது குறை சொல்லியிருப்பாள்.

"எத்தினை நாளா அக்கா தண்ணி போகேல்லை?"

"ரெண்டு கிழமை. மகள் குளிச்சால் கணுக்கால் மட்டுக்கும் தண்ணி நிக்குது."

அவர் குளியலறைத் தரையில் குந்தியிருந்து, தண்ணீர் போகும் ஓட்டையின் மூடியைக் கழற்றினார். குருநகர்க்காரர், வாய் சும்மா இராது. "எல்லா வீட்டிலையும் உதுதான் கதை. தலைக்கு எண்ணெய், முகத்துக்குக் கிறீம், பிறகு ஷாம்பு, அதுக்குப் பிறகு இன்னொண்டு. எல்லாம் பைப்புக்குள்ளை போய்க் கொழுப்பாய் இறுகும். அதிலை நாலு மயிர் பிடிச்சால் காணும். ஏதும் ஊத்தினனீங்களோ?"

ஊற்றியவள் கமலாவதிதான். மூத்தவள் நிவேதனா டெங்குக் காய்ச்சலில் போய் ஐந்து மாதம். முப்பத்தொன்றாம் நாள் கிரியை முடிந்த மறுநாள் அவளுடைய போத்தல்களையெல்லாம் எடுத்தாள். செம்பருத்தி எண்ணெய், கண்டிசனர், முகக் கிறீம். செத்த பிள்ளையின் சாமானை இளையவள் பூசக்கூடாது. குப்பையில் எறியவும் பெற்ற மனம் கேட்கவில்லை. ஒவ்வொன்றாகத் திறந்து, மணந்து பார்த்து, அழுதழுது இந்த ஓட்டைக்குள் கவிழ்த்தாள்.

அது ஒரு பிழை. அதற்கு முந்திய பிழை இன்னும் பெரிது. ஊரில் பிரேதத்தை முற்றத்தில் மறைப்புக் கட்டித்தான் முழுக வார்ப்பார்கள். இனசனம் எண்ணெயும் அரப்பும் தலையில் வைக்கும். வார்த்த தண்ணீர் மண்ணோடு மண்ணாய்ப் போய்விடும். கமலாவதி விடவில்லை. "என்ரை பிள்ளை கூச்சக்காரி, ஊர் பார்க்க வேண்டாம்" என்று கத்தினாள். முற்றத்திலும் மண் எங்கே இருந்தது, கல்தானே! ஆகவே இந்த அறையில், இந்தத் தரையில் கிடத்தி வார்த்தார்கள். எண்ணெய், அரப்பு, தண்ணீர் எல்லாம் இந்த ஓட்டையால்தான் போயின.

போயினவா?

செபமாலை கம்பியை விட்டார். ஒரு முழம். இரண்டு முழம். எதிலோ கொளுவியது. இழுத்தார்.

முதலில் மணம் வந்தது. அரப்பும் நல்லெண்ணெயும் கலந்த மணம், இப்போதுதான் குழைத்து வைத்த மாதிரி.

பிறகு மயிர் வந்தது. வெள்ளைக் கொழுப்பு ஒட்டிய கறுத்த மயிர். ஒரு முழம் வந்தது. இன்னும் வந்தது.

அது பின்னியிருந்தது.

செபமாலை கொழுப்பை விரலால் வழித்துப் பார்த்தார். மூன்று புரி. இறுக்கமாக, ஒரு பிசிறில்லாமல்.

"அக்கா," என்றார் மெல்ல, "பைப்புக்குள்ளை மயிர் சிக்குப்படும். தானாய்ப் பின்னுப்படாது."

அவர் பிடியை விட்டார். பின்னல் தரையில் விழவில்லை. உள்ளேயிருந்து யாரோ நிதானமாக இழுத்துச் சேர்க்க, ஓட்டைக்குள் திரும்பிப் போனது.

செபமாலை சிலுவை போட்டுக்கொண்டார். "தரையை உடைப்பம். பைப்பை அப்பிடியே கிளப்பி, வெறுங்காணியிலை குழி வெட்டித் தாழ்ப்பம். ஐயரைக் கூப்பிட்டுச் செய்யிறதைச் செய்யுங்கோ. இண்டைக்கே."

ஓம் என்று சொல்லியிருக்க வேண்டும். இளையவள் சுபாஜினிக்குப் பதினைந்து வயது. தினமும் இந்த அறையில்தான் குளிக்கிறாள். அது தாய்க்குத் தெரியாததா? ஆனால் அந்த மணம் மூக்கில் ஏறியதும் கமலாவதியின் புத்தி பேதலித்துவிட்டது. பிள்ளை எங்கேயும் போகவில்லை. வீட்டில்தான் இருக்கிறாள். எத்தனை சந்தோசம் தாய்க்கு, பாவி!

"உடைக்க வேண்டாம் அண்ணை. நீங்கள் போங்கோ."

"மற்றப் பிள்ளையை யோசியுங்கோ அக்கா."

"போங்கோ எண்டுறன்!"

அவர் போனார். அடுத்த நாளிலிருந்து, சுபாஜினி பள்ளிக்கூடம் போனதும், கமலாவதி அந்த ஓட்டைக்குள் ஒரு கரண்டி நல்லெண்ணெய் ஊற்றினாள். ஊற்றிவிட்டுப் பக்கத்திலிருந்து கதைத்தாள்.

ஒன்பதாம் நாள் பின்னேரம். சுபாஜினி குளிக்கப் போய் அரைமணி நேரமாகிவிட்டது. தண்ணீர்ச் சத்தம் இல்லை.

"பிள்ளை?"

கதவைத் தள்ளினாள்.

தரையில் தண்ணீர் கட்டி நின்றது. அதற்குள் சுபாஜினி குப்புறக் கிடந்தாள். கன்னம் நிலத்தோடு. நீளக் கூந்தல் முழுதும் ஓட்டைக்குள்.

"அம்மா, அக்கா பின்னிவிடுறாள்," என்று முணுமுணுத்தாள். "நோகுது. விடச் சொல்லுங்கோ."

"நிவே, விடடி! தங்கச்சியடி! என்ரை செல்லமல்லே, விடம்மா!"

விடவில்லை. இன்னும் இழுத்தது. தண்ணீர் பிள்ளையின் வாயோரத்துக்கு ஏறியது.

கமலாவதி ஓடிப்போய்த் தையல் மெசினிலிருந்த கத்தரிக்கோலைக் கொண்டுவந்து, கூந்தலைப் பிடரியோடு ஒட்ட வெட்டினாள். வெட்டிய கூந்தல் கண்மூடித் திறக்குமுன் உள்ளே போய்விட்டது.

அன்றைக்கே வீட்டைப் பூட்டி, பிள்ளையை இழுத்துக்கொண்டு சாவகச்சேரிக்குப் பஸ் ஏறினாள். தம்பி தேவராசாவின் வீடு அங்கே இருந்தது. பழைய வீடு. குளிப்பதென்றால் கிணற்றடிதான். ஊற்றிய தண்ணீர் திறந்த வாய்க்காலால் ஓடி, வாழைக்குப் போகும். குழாய் இல்லை, ஓட்டை இல்லை, மூடி இல்லை. கமலாவதி அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். அன்றிரவு நித்திரை கொண்டாள்.

விடிந்து வெயில் ஏறியதும் தானே தண்ணீர் அள்ளினாள். எண்ணெய் இல்லை, சவர்க்காரம்கூட இல்லை. வெறும் தண்ணீர். கல்லில் கண்ணை மூடிக் குந்தியிருந்த பிள்ளையின் கட்டையாய் வெட்டிய தலையில் வார்த்தாள். தண்ணீர் சரிவில் ஓடி முதல் வாழையைத் தொட்டது. அப்பாடா என்று மூச்சு விட்டாள்.

மூன்று வாளி அப்படியே போனது. நான்காவது வாளியை அள்ளிக்கொண்டு திரும்பினாள்.

வாய்க்காலில் தண்ணீர் நின்றிருந்தது. சருகில்லை, சேறில்லை, மறிக்க ஒன்றுமேயில்லை.

பிறகு அது திரும்பியது. மேட்டை நோக்கி, மெல்ல, பிள்ளையின் காலடிக்கு.

"அம்மா, மெல்ல ஊத்துங்கோ," என்றாள் சுபாஜினி, கண்ணைத் திறக்காமல். "மூச்சு முட்டுது."

கமலாவதியின் கையில் வாளி நிறைந்தபடியே இருந்தது.