ஐந்தாவது தண்டு

வெட்டிய தண்டு வெதுவெதுப்பாக இருந்தது. பனி இன்னும் விலகாத காலை. கத்தரி உள்ளங்கையில் பனிக்கட்டியாகக் கிடக்க, தண்டு மட்டும் யாரோ இவ்வளவு நேரம் பொத்தி வைத்திருந்து கொடுத்தது போலிருந்தது. ஜவுளிக்கடைக்காரர் அதை மோந்து பார்த்தார். பச்சை வாடையே இல்லை. மனைவி தலைக்குத் தடவும் தைல வாடை.

மூன்று மாதமாக அவள் படுத்த படுக்கை. மருந்தின் உக்கிரத்தில் முடி கொத்துக் கொத்தாக உதிர்ந்தது. ஜன்னலோர ரோஜா பூப்பதைப் பார்த்துவிட்டால் எழுந்துவிடுவேன் என்று சொல்லியிருந்தாள். அதற்குத்தான் இந்த மெனக்கெடல். செடிக்கு உரமாக எலும்புத்தூள் வாங்கப் போன இடத்தில், பழக்க தோஷம், பாதி விலைக்குக் கேட்டார். நாற்றுப்பண்ணைக்காரர் சிரித்துவிட்டார்.

"எதுக்குண்ணே செலவு? வீட்ல உதிர்ற முடியைக் கொண்டுபோய் வேர்ல புதைங்க. அதுவும் உரந்தான்."

சும்மா கிடைப்பதை விடுகிற ஆளா இவர்? தலையணையில் உதிர்ந்தது, சீப்பில் சிக்கியது, வெட்டிப்போட்ட நகம் என்று ஒன்று விடாமல் அவள் அறை ஜன்னலோரச் செடிக்கே போட்டார். செடி மதமதவென்று கிளம்பியது. சரியாக ஐந்து தண்டு.

வெளிப்பக்கம் பார்த்த முளைக்குக் கால் அங்குலம் மேலே, சாய்வாக, ஒரே வெட்டு. அதுதான் கவாத்து. இரண்டாவதை வெட்டினார்.

உள்ளே கட்டில் கிறீச்சிட்டது.

காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். திரை அசையவில்லை. புரண்டு படுத்திருப்பாள் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு மூன்றாவதில் கத்தரியை வைத்தார். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் ஒரு மூச்சு. பல்லைக் கடித்து அடக்கிய மூச்சு.

அரைகுறையாக விட்டால் செடி பூக்காது. பூக்காவிட்டால் அவள் எழ மாட்டாள்.

நான்காவது.

வெட்டுவாயில் நீர் கசிந்தது. சிவப்பாக.

கத்தரியோடு உள்ளே ஓடினார். இருட்டு. ஈர மண் வாடை.

"என்னங்க, ஏன் நிறுத்திட்டீங்க?" மூன்று மாதத்தில் இவ்வளவு தெம்பாக அவள் பேசியதே இல்லை.

போர்வையை விலக்கினார்.

இடது கை. நான்கு விரல்கள் பாதியோடு நின்றிருந்தன. சாய்வாக, ஒரே வெட்டு. ஒரு சொட்டு ரத்தம் இல்லை. ஒவ்வொரு வெட்டுக்கும் கால் அங்குலம் கீழே செக்கச் சிவந்த முளை. எல்லாம் வெளிப்பக்கம் பார்த்து.

அவள் கட்டைவிரலை நீட்டினாள்.

"இதையும் வெட்டிடுங்க. அப்பதான் நல்லாப் பூக்கும்."