டேங்க் சூடு

பூதிகோட்டை தாண்டின முதல் இறக்கத்திலேயே, இழுவை லாரி ஓட்டி வந்த ஏனோக்குக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது. இரும்புக் கம்பியில் கட்டி இழுத்து வருகிற வண்டி இறக்கத்தில் முன்வண்டியை முட்டித் தள்ளும். இது தள்ளவில்லை. யாரோ பிரேக்கைப் பக்குவமாக மிதித்துக்கொண்டு வருவது போல வந்தது. மிதிக்க ஆளும் இல்லை, பிரேக்கும் இல்லை. பிரேக் பைப்பெல்லாம் நோயலோடு சேர்ந்து எரிந்து போய் மூன்று மாதமாகிறது.

நோயல் அவருக்கு ஒரே பிள்ளை. கொளுத்துகிற வெயிலில் இந்த வண்டியில்தான் ஒரு டிராக்டரை இழுத்து வந்தான். டேங்கில் டீசல் கொஞ்சமாகக் கிடந்தால், அதுவே என்ஜினுக்குப் போய்ப் போய்ச் சூடேறித் திரும்பும். மூடியைத் திறந்தான், புஸ்ஸென்று ஆவி வந்தது, அந்த நேரம் பார்த்துப் பீடிக்குத் தீக்குச்சி கிழித்தான். பாவிப் பய! பாதி டேங்குக்குக் கீழே இறக்காதே என்று எத்தனை தடவை சொல்லியிருப்பார், கேட்டானா?

எரிந்த வண்டியை வீட்டுக்குக் கொண்டு வாங்க, என் பிள்ளையைத்தான் பார்க்க விடவில்லை, அதையாவது பார்க்கிறேன் என்று பியாட்ரிஸ் காலையிலும் அழுதாள். ஏனோக் தலையை ஆட்டிவிட்டுத்தான் கிளம்பினார். ஆனால் போவது பழைய இரும்புக் கடைக்கு. பிள்ளை கரியாகிப்போன வண்டியைப் பார்த்தால் அவள் உயிர் தங்காது. அவருக்கு இனி மிச்சம் அவள் ஒருத்திதான்.

நந்திதுர்க் ஏற்றத்தில் பொழுது சாய்ந்தது. என்ஜின் முக்கியது; சூடான டீசல் வாடை காலடி இடுக்கு வழியாக ஏறி, வியர்வையோடு கலந்து, தொண்டையில் பிசுபிசுவென்று ஒட்டியது; கதவுக்குக் கீழே டேங்க் உலைப்பானை மாதிரித் தளதளத்தது. அவர் வண்டியிலும் டீசல் பாதிக்குக் கீழேதான். இறங்கி மூடியைத் தொட அவருக்குத் தைரியம் வரவில்லை.

பாதை பிரிந்தது. நேரே போனால் ஸ்கெலட்டன் குடியிருப்பு, வீடு. இடது பக்கம் இரும்புக் கடை. இடது பக்கம் ஒடித்தார்.

வண்டி நின்றுவிட்டது.

ஆக்ஸிலேட்டரை அழுத்தினார். பின்னால் டயர் தேய்ந்தது. டேங்க் மூடி சீறியது. பக்கக் கண்ணாடியில் பார்த்தார். கரிந்த கேபின். காலி சீட்டு. ஸ்டியரிங் மட்டும் மெல்லத் திரும்பியது. வீட்டுப் பக்கம்.

"வேணாண்டா கண்ணு," என்றார். "அம்மா தாங்க மாட்டா."

சீறல் கூடியது. அழுதுகொண்டே வண்டியை வீட்டுப் பக்கம் திருப்பினார். பின்வண்டி கனமே இல்லாமல் கூட வந்தது.

ஸ்கெலட்டனில் கரண்ட் இல்லை. பியாட்ரிஸ் மெழுகுவர்த்தியோடு வாசலுக்கு வந்தாள். அவரைப் பார்க்கவில்லை. பின்னால் பார்த்தாள். சிரித்தாள். மூன்று மாதத்தில் முதல் சிரிப்பு.

"இன்னாடா இவ்ளோ நேரம்? எறங்கி வா."

மெழுகுவர்த்தியை அணைத்துவிடு என்று கத்தப் பார்த்தார். அவர் டேங்க் மூடி தெறித்து விழுந்தது. ஆவி வாசலெங்கும் படர்ந்தது. கரிந்த கதவு திறந்தது. கறுப்பாக ஒரு கால் இறங்கியது. இன்னொரு கால்.

பியாட்ரிஸ் சுடரைக் கையால் மறைத்துக்கொண்டு கிட்டே போனாள். பிள்ளையின் முகத்தைப் பார்க்க, மெழுகுவர்த்தியை உயர்த்திப் பிடித்தாள்.