மூடிய கிணற்றின் மேல் ஒரு பாளம்

உசிலம்பட்டி சாலையில் புதிதாக எழும்பிக்கொண்டிருந்த நூற்பாலைக்குப் பிச்சுமணி வந்து சேர்ந்தபோது வெயில் உச்சிக்கு ஏறியிருந்தது. மதுரை கே.கே. நகரிலிருந்து ஸ்கூட்டரில் வரும்போதே அவனுக்கு எரிச்சல் முட்டிக்கொண்டு நின்றது. இன்ஜினியர் என்று பெயர்தான். ஒரு பாளம் அவனைப் படாத பாடு படுத்திக்கொண்டிருந்தது.

பஞ்சு லாரிகள் நிற்பதற்கான காங்கிரீட் தளத்தைப் பாளம் பாளமாகப் போட்டுக்கொண்டிருந்தார்கள். பம்பாயிலிருந்து வந்த இயந்திரம் தண்டவாளத்தில் ஊர்ந்து, கலவையைப் பரப்பி, அதிரவைத்து, வழவழவென்று இழைத்துவிட்டுப் போகும். மற்ற பாளங்கள் எல்லாம் பாறையாக இறுகிவிட்டன. பழைய கிணற்றை மூடிய இடத்தில் போட்டது மட்டும் இறுகவில்லை. அள்ளி எறிந்துவிட்டு மறுபடி போட்டார்கள். மறுபடியும் களியாகக் கிடந்தது.

"மிஷின்ல கோளாறு இல்ல சார்," என்றார் அதை ஓட்டும் சங்கிலி. "சிமெண்டும் நல்ல சிமெண்டுதான். எம்புட்டு தடவைதான் போடுறது?"

"அப்ப என் தலையிலதான் கோளாறு!" என்று எரிந்து விழுந்தான் பிச்சுமணி. இன்றைக்கும் கெட்டுப்போனால் வேலைக்கு வர வேண்டாம் என்று காண்ட்ராக்டர் விஸ்வேஸ்வரன் சொல்லியிருந்தார்.

இயந்திரம் உறுமிக்கொண்டு நகர்ந்தது. கிணற்றிடத்துக்கு மேலே வந்ததும் உறுமல் தேய்ந்து, தானாகவே நின்றது.

காகம்கூடக் கத்தவில்லை.

பாசி பிடித்த தண்ணீரின் வாடை கிளம்பியது.

இழைத்த பரப்பில் ஒரு கை தெரிந்தது. மேலிருந்து யாரோ பதித்த தடம் அல்ல. அடியிலிருந்து யாரோ தள்ளுவதுபோல் புடைத்துக்கொண்டிருந்தது.

பிச்சுமணி ஆத்திரத்தோடு கரணையை எடுத்து அதைத் தேய்த்து மட்டமாக்கினான்.

மறுபடி எழுந்தது.

பலமாக அழுத்தினான்.

கரணையை ஏதோ மேல்நோக்கித் தள்ளியது.

சங்கிலி குதித்து ஓடினார். பக்கத்துப் பாளத்தில் ஈரச் சாக்கு விரித்துக்கொண்டிருந்த சோலையம்மாள் ஓடவில்லை. கிட்டே வந்து குனிந்து பார்த்தாள்.

"சுண்டுவிரல் பாதி இல்ல பாருங்க சார்," என்றாள் மெல்ல. "எம் புருசன் கை. கரும்பு வெட்டயில போன விரலு."

புல்டோசர் விட்டுக் கிணற்றை மூடிய அன்றுதான், இங்கே கூலிக்கு வந்த அவள் கணவன் தவசி காணாமல் போனான். எவளோடோ திருப்பூருக்கு ஓடிவிட்டான் என்று எல்லோரும் சொன்னார்கள். அவள் நம்பவில்லை. அதனால்தான் இங்கேயே கூலிக்கு வந்துகொண்டிருந்தாள்.

"தோண்டுங்க சார்."

விஷயம் தெரிந்து விஸ்வேஸ்வரன் காரில் வந்து கத்தினார். "தளம் போடச் சொன்னா கிணறு வெட்டுறியா? பைத்தியமா உனக்கு?"

"வேலைய விட்டுத் தூக்குறதுன்னா தூக்குங்க. நான் தோண்டாம விடப்போறதில்ல," என்றான் பிச்சுமணி.

மண்ணை அள்ள அள்ள, கீழே வடிந்த சிமெண்டுப் பால் பெரிய கட்டியாக இறுகியிருந்தது தெரிந்தது. திரும்பி வந்த சங்கிலி கடப்பாரையால் பிளந்தார்.

உள்ளே குடைவு. முழங்காலை மடக்கி, ஒரு கையை மேலே நீட்டிய ஆளின் அளவு. சட்டை மடிப்புகூட அச்சாகப் பதிந்திருந்தது.

ஆனால் எலும்பு இல்லை. ஒரு துணிக்கிழிசல்கூட இல்லை.

"இதைக் கொண்டுபோயி எந்த ஸ்டேஷன்ல சார் காட்டுறது?" என்றார் சங்கிலி. பிச்சுமணி கரணையைத் தூக்கி எறிந்தான்.

சோலையம்மாள் குடைவையே வெகுநேரம் பார்த்தாள். "நான் வீட்டுக்குப் போறேன்," என்றவள் வேகமாக நடந்தாள்.

திரும்பப் போட்ட பாளம் ஒழுங்காக இறுகியது. விஸ்வேஸ்வரன் சிரித்தார். பிச்சுமணியின் வேலை தப்பியது. அதுவே அவனுக்குக் கசந்தது. சோலையம்மாள் அதன்பின் வேலைக்கு வரவேயில்லை.

ஒரு மாலை அவள் வீட்டைத் தேடிப் போனான். கதவு ஒருக்களித்திருந்தது. கூப்பிட்டதும் வெளியே வந்து, உதட்டில் விரல் வைத்தாள்.

"மெதுவாப் பேசுங்க சார். இப்பத்தான் கண்ணசந்தாரு."

பிச்சுமணி கீழே பார்த்தான். வாசற்படியிலிருந்து சாம்பல் நிறக் காலடிகள் வீட்டுக்குள் போயிருந்தன. சிமெண்டு இன்னும் காயவில்லை.

உள்ளே, இருட்டில், யாரோ இருமினார்கள்.