துடைத்தால் போய்விடும் சுவர்

மானேஜர் அமிர்தலிங்கம் அறை திறக்கிற ஆளல்ல. 'மையம்' திறக்கிற ஆள். ரிங்லெட் ஊருக்கு மேலே, மலையில் இருந்த அந்தத் தேயிலைத் தோட்டத்துக்கு அவர் வந்ததும் லாரிக் கொட்டகை 'ஆற்றல் மையம்' ஆனது. இப்போது, பல வருடமாகப் பூட்டிக் கிடந்த தோட்டத்து ஆஸ்பத்திரி வார்டு 'சிந்தனை மையம்' ஆகியிருந்தது. நான்கு சுவரிலும் எழுதி அழிக்கும் பெயின்ட். மார்க்கரால் எழுதலாம், துணியால் துடைக்கலாம். தலைமை அலுவலக டைரக்டர் வந்து பார்த்து மெச்சிவிட்டால் கோலாலம்பூருக்கு மாற்றல். இந்தக் குளிருக்கும் தூறலுக்கும் ஒரு கும்பிடு. அவருடைய சிந்தனை மொத்தமும் அவ்வளவுதான்.

மதியம் கதவைத் திறந்தார். பனிமூட்டம் சன்னலில் ஈரத்துணிபோல ஒட்டிக்கொண்டிருந்தது.

வாடை முகத்தில் அறைந்தது. பெயின்ட் வாடை அல்ல. நாள்பட்ட சளியின் வாடை. இனிப்பும் புளிப்புமாகத் தொண்டைக்குள் இறங்கி உட்கார்ந்துகொண்டது.

"என்னப்பா இப்படி நாறுது?"

பெயின்டர் கோகிலன் தட்டுமுட்டுகளை வாளியில் போட்டபடி சிரித்தான். "இருமல்காரங்க வார்டு சார் இது. எந்திரிச்சுப் போய்த் துப்பத் தெம்பில்லாதவங்க, படுத்தபடியே விரல்ல வழிச்சுச் சுவத்துல இழுவிடுவாங்களாம். காஞ்சு காஞ்சு தோலு மாதிரி கெடந்துச்சு. சொரண்டணுமான்னு கேட்டேன். டைம் இல்ல, மேலயே அடின்னு நீங்கதான் சொன்னீங்க."

"அடிச்சாச்சில்ல? இனி அது வெறும் சுவர்."

"வெறும் சுவருதான் லா," என்று கோகிலன் வாளியோடு வெளியேறினான். சுவரில் சாயாமல், நடுவாகவே நடந்து போனான்.

அமிர்தலிங்கம் பெரிய எழுத்தில் 'நாம் ஒரே குடும்பம்' என்று எழுதி, பின்னால் நகர்ந்து ரசித்தார்.

எழுத்துக்குக் கீழே, கட்டில் உயரத்தில், ஓர் இழுவல்.

ஒரு விரல் அகலம். பச்சையும் மஞ்சளுமாக, நடுவே ரத்த நூலோடு, ஈரமாக.

டஸ்டரால் துடைத்தார். போய்விட்டது. நல்ல பெயின்ட்தான்.

ஒரு கட்டில் தூரம் தள்ளி இன்னொன்று. அதற்கப்பால் இன்னொன்று.

கட்டில்கள் எப்போதோ போய்விட்டன. இழுவல்கள் மட்டும் அந்தந்த இடத்தில் வரிசையாக ஊறிக்கொண்டிருந்தன.

அடுத்ததில் வைத்து டஸ்டரை இழுத்தார். சுவரிலிருந்து ஒரு கொழகொழத்த இழை நீண்டது. அறுபடவில்லை.

சுவருக்குப் பின்னால் யாரோ தொண்டையைச் செருமினார்கள். அதிகாரியிடம் பேசுமுன் செருமுவதுபோல, மரியாதையாக.

"உமா!" என்றார். அலுவலகக் கிராணி உமாதேவி வாசலில் எட்டிப் பார்த்தாள். "பின்னால யாரு நிக்கிறது?"

"பின்னாலயா? அது பள்ளம் சார். டைரக்டர் கார் ரிங்லெட் தாண்டிடுச்சாம்."

அதன்பிறகு அமிர்தலிங்கம் சிந்திக்கவில்லை. கோட்டுப் போட்ட மனிதர் முழங்காலிட்டு, கைக்குட்டையால் துடைத்து, அது ஊறியதும் சட்டைக் கையால், பிறகு வெறும் உள்ளங்கையால் துடைத்தபடி வார்டு முழுக்கத் தவழ்ந்தார். குமட்டலை விழுங்கினார். விழுங்கியது அவருடையதுதானா என்று தெரியவில்லை.

டைரக்டர் மகேஸ்வரன் உள்ளே வந்தபோது சுவர் பளபளத்தது. அவர் எழுதினார், துடைத்தார், மறுபடி எழுதினார். மூக்கைச் சுளித்ததாகவே தெரியவில்லை.

"பிரமாதம் அமிர்தலிங்கம்! இதை உங்களை விட்டா யாரு பாத்துக்குவா? மாற்றலை நிறுத்தச் சொல்லிடுறேன். மேசையை இங்கேயே போட்டுக்குங்க."

கூட வந்தவர்கள் கைதட்டினார்கள். அமிர்தலிங்கமும் பிசுபிசுத்த கையால் தட்டினார்.

டைரக்டரின் கார் கிளம்புமுன்பே மேசை வந்துவிட்டது. சுவரோரமாகப் போட்டார்கள். உமாதேவி கதவைச் சாத்திக்கொண்டு போனாள்.

அவர் உட்கார்ந்தார்.

தொண்டை அரித்தது. இருமினார். வாய்க்குள் ஏதோ கெட்டியாக வந்தது. எழுந்து போய்த் துப்ப வேண்டும். கால் எழவில்லை.

விரல் தானாக வாய்க்குள் போய், வழித்து, சுவரை நோக்கி நீண்டது.

தொடுமுன்பே அந்த வெள்ளை லேசாகப் புடைத்தது. வெதுவெதுப்பாக, ஈரமாக, நாக்குபோல விரலைச் சுற்றி வழித்து வாங்கிக்கொண்டது.

உள்ளே பலபேர் புரண்டு படுக்கிற சத்தம்.

"கொஞ்சம் தள்ளிப் படுங்கப்பா," என்றது ஒரு கரகரத்த குரல். "தொரைக்கு எடம் வேணும்."