நிறைவாளி

"கப்பல் அறையில இன்னுமொரு கட்டில் இருக்காம், பவளம்… சுவரோட மடிச்சு வைச்சிருக்கிற கட்டிலாம். இழுத்தா வருமாம்."

குசினி வாசலில் நின்று ஸ்ரீகாந்தன் இதைச் சொன்னபோது, பவளராணி தேத்தண்ணிக் கோப்பையைச் சத்தம் வராமல் மேசையில் வைத்தாள். அவள் சத்தம் வராமல் வைத்தால்தான் கோபம் அதிகம் என்பது செவன் ஹில்ஸில் எங்கள் தெரு முழுவதற்கும் தெரியும். கூடவே வாழ்ந்த மனுசனுக்கு மட்டும் இருபத்தைந்து வருடமாகப் பிடிபடவில்லை.

விசயம் இதுதான். அவர்களுடைய கலியாண வெள்ளி விழாவுக்கு மகள் ஹம்சா கப்பல் பயணம் ஒன்று பதிந்து கொடுத்திருந்தாள். சிட்னியில் ஏறினால், வடக்கே குயின்ஸ்லாந்துக் கரையோரமாகத் தீவு தீவாகப் போய்த் திரும்புகிற கப்பல். இரண்டு பேருக்கு ஒரு அறை, பல்கனியோடு. ஆனால் இரண்டு பேர் என்ற கணக்கு அந்த வீட்டில் செல்லாது. ஹம்சா பிறந்த கையோடு பிள்ளை பார்க்க வந்த ஸ்ரீகாந்தனின் அக்கா சிவகௌரி, பிள்ளை வளர்ந்து வேலைக்குப் போன பிறகும் அங்கேதான். காரில் முன் இருக்கை அக்காவுக்கு. பின்னால் இருந்தால் அவவுக்குத் தலை சுற்றுமாம். கோழிக்கறியில் ஈரல் அக்காவுக்கு. டிவி ரிமோட் யாருக்கு என்று நான் சொல்லத் தேவையில்லை.

"அப்பா, ப்ளீஸ்! இது உங்கட ஹனிமூன் மாதிரி. ஹனிமூனுக்கு மாமியைக் கூட்டிக்கொண்டு போறதே?" என்று ஹம்சா சிரித்தாள்.

"அவ பாவமெல்லே, தனிய…"

"நான் வரேல்லைத் தம்பி!" சிவகௌரியின் குரல் அறைக்குள்ளிருந்து வந்தது. "எனக்குக் கடல் ஒத்துவராது. நீங்கள் ரெண்டு பேரும் போங்கோ."

பவளராணிக்கு அதைக் கேட்டுச் சந்தோசமாகத்தான் இருந்திருக்க வேண்டும். ஆனால் அவளுடைய காத்திருப்பு வேறொன்றுக்காக. பெட்டிகள் காரில் ஏறின. அவள் செருப்பைப் போட்டுக்கொண்டு, சிவகௌரியின் அறை வாசலில் வந்து நின்றாள்.

"மச்சாள்… போட்டு வாறன்," என்று விடை கேட்டாள்.

கதவு சாத்திக் கிடந்தது. உள்ளே தாழ்ப்பாள் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது.

அவ்வளவுதான்! இத்தனை வருடம் கோப்பையைச் சத்தமில்லாமல் வைத்தவள் வெடித்துவிட்டாள்.

"பாத்தீங்களே! பாத்தீங்களே! நான் வெளிக்கிட்டா இவவுக்குக் கண்ணில காட்டேலாது! சிட்டிசன் எடுக்கப் போகேக்கயும் கதவு பூட்டு. முதல் வேலைக்குப் போகேக்கயும் கதவு பூட்டு. என்ர அப்பா செத்து, நான் அழுதழுது எயார்ப்போட்டுக்கு வெளிக்கிடேக்க கூட… ஒரு வார்த்தை… 'போட்டு வா பிள்ளை' எண்டு ஒரு வார்த்தை சொல்லேல்லை! அப்பிடி என்ன மச்சாள் நான் உங்களுக்குச் செய்தனான்?"

ஸ்ரீகாந்தன் கார்த் திறப்புக் கொத்தைக் கையில் உருட்டிக்கொண்டு நின்றார். முக்கியமான நேரங்களில் அவர் எப்போதும் எதையாவது உருட்டிக்கொண்டுதான் நிற்பார். நான் எட்டிப் பார்த்தேன் என்று நினைக்காதீர்கள். எதிர் வீட்டில் என் யன்னல் திரையில் தூசி, தட்டிக்கொண்டிருந்தேன். கார் தெரு முனை திரும்பும்வரைக்கும் பவளராணி கண்ணைத் துடைத்தபடியே போனாள். முன் இருக்கையில்தான் போனாள். ஆனால் அதைக்கூட அனுபவிக்கவில்லை, பாவி.

கப்பலில் நடந்தது எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? கோயில் மடப்பள்ளியில் அவளோடு வெங்காயம் உரித்தவள் நான். வெங்காயம் உரிக்கும்போது யாரும் எதையும் மறைப்பதில்லை.

கப்பலில் சாப்பாட்டுக்கு முடிவே இல்லையாம். விடியவே பத்து வகைப் பாண், பழங்கள், கேக்குகள். ஸ்ரீகாந்தன் எல்லாவற்றிலும் ஒவ்வொன்று எடுத்துவிட்டு, "ஒரு சம்பல் இல்லையே" என்று கவலைப்பட்டாராம். பவளராணி பெட்டியைத் திறந்தால் மேலேயே ஒரு பொட்டலம்: வேர்க்கொம்புச் சுக்கும் மல்லியும் வறுத்து இடித்த தூள். கடலில் வயிறு பிரட்டினால் சுடுதண்ணியில் போட்டுக் குடிக்க. அதற்குக் கீழே அவளுடைய கலியாணக் கூறைச் சேலை, மடிப்புக் கலையாமல் அயர்ன் பண்ணி, மெல்லிய துணியில் சுற்றி. அவள் அதை வைக்கவேயில்லை.

"இது ஆர் வைச்சது?"

"அக்காதான். வடிவா உடுத்துக்கொண்டு சாப்பிடப் போற நாள் ஒண்டு வரும் எண்டு ஹம்சா சொன்னவள். அக்கா ரெண்டு நாளா அயர்ன் பண்ணினவ."

பவளராணிக்குக் கோபத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. கூறையை அயர்ன் பண்ணித் தருகிற மனுசி, ஒரு வார்த்தை தரமாட்டாளா?

நாலாம் நாள் காலை அவர்கள் மேல்தளத்தில் கதிரை போட்டு இருந்தார்கள். பச்சைத் தீவுகள் ஒவ்வொன்றாகப் பக்கத்தில் வந்து விலகின. தண்ணீர் ஓரிடத்தில் நீலம், ஓரிடத்தில் மயில் கழுத்து நிறம், கரைப்பக்கம் பால் மாதிரி. வெள்ளைக்காரர் எல்லாரும் போன் தூக்கிப் படம் எடுக்க, பவளராணி கடலைப் பார்க்காமல் தன் கால் நகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இஞ்சேர், கொஞ்சம் நிமிர்ந்து பாரன். என்ன வடிவு!"

"எனக்கொரு வடிவும் வேண்டாம். உங்கட அக்காவுக்கு என்னைப் பிடிக்காட்டி, பிடிக்கேல்லை எண்டு சொல்லட்டும். கதவைப் பூட்டத் தேவையில்லை."

ஸ்ரீகாந்தன் உருட்ட எதையாவது தேடினார். கையில் ஒன்றும் அகப்படவில்லை. அதனால்தான் வாயைத் திறந்தார் என்பது என் அபிப்பிராயம்.

"பவளம்… அக்கா பூட்டுறது உனக்காகத்தான்."

"எனக்காகவோ?"

"ஊரில அக்காவின்ர மனுசன் காணாமல் போன அண்டைக்கு நான் முற்றத்தில நிண்டனான். எனக்கு அப்ப பதினஞ்சு வயசிருக்கும். அத்தார் சைக்கிளில ஏறேக்க, அக்கா கிணத்தடியால வந்தவ. நேர எதிர்ல. கையில வெறும் வாளி…"

வெளிக்கிடுகிறவருக்கு எதிரே யார், எதைக்கொண்டு வருகிறார்கள் என்பதில் எங்கள் ஆட்களுக்கு எவ்வளவு பயம் என்று உங்களுக்குத் தெரியும்தானே. முழுவியளம் என்போம். நிறைகுடம் வந்தால் நல்லது. வெறுங்குடம் வந்தால் திரும்பிப்போய் இருந்து, தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி வெளிக்கிட வேண்டும்.

"அம்மா கூப்பிட்டவ, 'இருந்திட்டுப் போங்கோ மருமோன்' எண்டு. அத்தார் சிரிச்சார். 'வாளிக்கும் சைக்கிளுக்கும் என்ன மாமி' எண்டு சொல்லிப்போட்டு மிதிச்சார். பிறகு நாங்கள் அவரைக் காணேல்லை." ஸ்ரீகாந்தன் கடலைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அண்டையில இருந்து அக்கா பயணம் போற ஆருக்கும் முகம் காட்டுறேல்லை. உன்ர அப்பா செத்து நீ ஊருக்குப் போகேக்க, இறங்கிட்டன் எண்டு நீ போன் எடுக்குமட்டும் அவ பச்சைத் தண்ணி குடிக்கேல்லை."

"ஐயோ… இதை ஏனப்பா எனக்குச் சொல்லேல்லை!"

"சொல்லக்கூடாதெண்டு சத்தியம் வாங்கினவ. வெறும் வாளிக் கதையை வாயால சொன்னா, அத்தார் இனி வரமாட்டார் எண்டு ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிடுமாம். அவ இன்னும் பொட்டு வைக்கிறாவெல்லே…"

பவளராணி சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். அந்தப் பூட்டிய கதவின் இந்தப் பக்கம் நின்று தான் பேசிய பேச்செல்லாம், அந்தப் பக்கம் நின்று கேட்ட ஒருத்தியின் காதில் எப்படி விழுந்திருக்கும்! பிறகு நிமிர்ந்து, "நீங்களும் ஒரு மனுசன்!" என்று புருசனுக்கு ஒன்று கொடுத்தாள். மெதுவாகத்தான், தோளில்.

மத்தியானம் கப்பல் ஏர்லி பீச்சுக்கு வெளியே நங்கூரம் போட்டது. சின்னப் படகில் இறங்கித்தான் கரைக்குப் போகவேண்டும். வரிசையில் முன்னால் வந்ததும் பவளராணி வீடியோவில் வீட்டுக்கு எடுத்தாள். ஹம்சா போனைக் கொண்டுபோய் மாமியின் முகத்துக்கு முன்னால் பிடித்தாள்.

"மச்சாள், நான் படகில ஏறப்போறன். எனக்கு முன்னால வாங்கோ. வாளியில தண்ணி நிறைச்சுக்கொண்டு வாங்கோ."

சிவகௌரியின் முகம் வெளுத்தது. "தம்பி… சொல்லிப்போட்டானோ?"

"ஓம் மச்சாள்."

"விசரே உனக்கு! போனை வை. என்னால ஒருத்தர் போனது போதாதே…"

"உங்களாலயோ? றோட்டில ஆமி நிண்டு ஆக்களைப் பிடிச்சது உங்கட வாளியாலயே, மச்சாள்?"

மறுபக்கம் சிவகௌரி முகத்தைத் திருப்பினா.

"நீங்கள் வராட்டி நான் ஏறன். பின்னால ஒரு கப்பல் சனம் நிக்குது. எல்லாரும் என்னைத்தான் பேசப்போகினம்!"

உண்மையாகவே பேசத் தொடங்கியிருந்தார்கள். ஸ்ரீகாந்தன் எல்லாரிடமும் "சொறி, சொறி, ஃபமிலி" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

போனில் குழாய் திறக்கிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் சாப்பாட்டு அறையின் அந்த முனையிலிருந்து சிவகௌரி வந்தா. நிலம் துடைக்கிற நீல வாளி, விளிம்புவரை தண்ணீர். இரண்டு கையாலும் தூக்கி, உதட்டைக் கடித்துக்கொண்டு, ஒவ்வொரு அடியாக வைத்து, நேரே பவளராணியை நோக்கி நடந்தா. தண்ணீர் கார்ப்பெட்டில் சிந்தியது. "மாமி, கார்ப்பெட்!" என்று ஹம்சா கத்தினாள், அவளும் அழுதுகொண்டுதான் கத்தினாள்.

"போட்டு வாறன், மச்சாள்."

சிவகௌரி தலையை மட்டும் ஆட்டினா. பவளராணி வலது காலை எடுத்துப் படகில் வைத்தாள். அன்றுதான் அவள் கடலைப் பார்த்தாளாம். 'மச்சாள், அப்பிடியொரு நீலம்' என்று இப்போதும் வீட்டில் கதை ஓயவில்லை.

திரும்பி வந்த அன்று சிவகௌரி வெளியிலேயே நின்றா. கார் நிற்க முன்னமே பவளராணி இறங்கி ஓடினாள்.

"பாருங்கோ மச்சாள்! வந்திட்டன். முழுசா வந்திட்டன்!"

சிவகௌரி அவளுடைய முகத்தை, தோளை, கைகளைத் தடவித் தடவிப் பார்த்தா. பிறகு இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுத அழுகையில், நாலாம் வீட்டு நாய் குரைத்தது. ஸ்ரீகாந்தன் பெட்டியின் சில்லை உருட்டிக்கொண்டு நின்றார்.

திங்கட்கிழமை விடிய, பவளராணி வயோதிபர் இல்லத்து வேலைக்கு வெளிக்கிட்டாள். வாசலுக்கு எதிரே நீல வாளியோடு சிவகௌரி.

"போட்டு வாறன், மச்சாள்."

"ஓம்… போட்டு வா, பிள்ளை."

கார் மறைந்த பிறகு வாளித் தண்ணீரைக் கறிவேப்பிலைக் கன்றுக்கு ஊற்றினா. ஊற்றியதும் திடுக்கிட்டுத் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தா. வெறும் வாளியை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு உள்ளே ஓடப் பார்த்தா.

நான் கடைக்குப் போகச் செருப்புப் போட்டுக்கொண்டு, திரைக்குப் பின்னால்தான் நின்றேன். அவ உள்ளே போகட்டும் என்று காத்திருக்கலாம். எங்கள் அம்மாவாக இருந்தால் காத்திருந்திருப்பா.

நான் கதவைத் திறந்துகொண்டு, நேரே எதிரில் போனேன்.

"சிவகௌரியக்கா, கடைக்குப் போட்டு வாறன். உங்களுக்கு ஏதும் வேணுமே?"

அவ என்னைப் பார்த்தா. பின்னாலிருந்த வாளி மெல்லப் பக்கத்துக்கு வந்தது.

"போட்டு வா," என்றா. "வரேக்க ஒரு கட்டு வெந்தயக்கீரை."