ஏணி பிடித்தவள்

மழை பிடித்துக்கொண்டது. அலுவிகாரையில் பஸ்ஸை விட்டிறங்கி தான் படிப்பிக்கும் முன்பள்ளி வாசலுக்கு ஓடிவந்த மேனகா, கம்பத்தில் சாய்ந்த ஏணி உச்சியில் ஒருவன் தள்ளாடுவதைப் பார்த்தாள்.

"மிஸ்... கொஞ்சம் புடிச்சிக்கிறீங்களா? எங்கம்மாவுக்கு நான் ஒரே புள்ள."

சிரித்தபடி பிடித்தாள். இமையில் மழைத்துளியோடு அவன் குனிந்து பார்த்தபோது பாழாய்ப்போன மனசு தடுமாறத்தான் செய்தது. அவன் இறங்கிய பிறகுதான் மேலே பார்த்தாள். பொலிஸ் கெமரா.

"இதுக்கா நான் ஏணி புடிச்சேன்?"

வர்த்தகர் சங்கம் சேர்த்த பணத்தில் முன்பள்ளிக் கூரையை மாற்றி ரோட்டுக்கு விளக்குப் போடச் சொல்லி வீடு வீடாக ஏறி இறங்கியவள் அவள். சங்கமோ பொலிசுக்குக் கெமரா வாங்கிக் கொடுக்க நினைத்தது. இது சோதனைக்கு வைத்தது. முடிவு ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில்.

"களவு கொறையும்தானே மிஸ்?" என்றான் கெமரா பூட்ட வந்த சுதர்ஷன், ஏணியை மடக்கியபடி.

"இருட்டுல பயந்து போற புள்ளைக்கு வெளிச்சம் வேணுமா, படம் வேணுமா? எங்கள யாரு பாக்குறாங்கன்னு எங்களுக்கே தெரியாது... அது நல்லதா?"

அதன்பின் எதிரில் வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். திருப்பிய பிறகு, அவன் போய்விட்டானா என்று மனசு தேடியது.

கூட்டத்தில் சங்கத் தலைவர் சோதனைப் படங்களைப் போடச் சொன்னார். சுதர்ஷன் எழுந்தான்.

"அழிச்சிட்டேங்க. சரியா வேல செய்யுதான்னு ஒருதடவ பாத்தா போதும். நான் தெனம் பாத்தேன்... ஒருத்தங்க தனியா பாடிக்கிட்டே நடந்து போறத. அவங்களுக்கு அது தெரியாது. நானே இப்படின்னா வேற யார நம்பி இத குடுப்பீங்க? வெளக்க போடுங்க."

பெயர் சொல்லவில்லை. பாடிக்கொண்டு போனது தான்தான் என்று புரிந்து மேனகாவுக்குக் காது சுட்டது. கூரைக்கும் விளக்குக்கும்தான் அதிகக் கைகள் உயர்ந்தன. அவளும் கையை உயர்த்தினாள்.

மறுநாள் மாலை, அதே மழையில் அவன் கெமராவைக் கழற்றிக்கொண்டிருந்தான். அவள் ஏணியருகே வந்து நின்றாள்.

"எந்த தைரியத்துல பாத்தீங்க?"

"தப்புதான் மிஸ். மன்னிச்சிருங்க. இதோட வேலையும் போயிருச்சு."

கோபம் தீரவில்லை. ஆனால் அவன் வாய் திறக்காமல் இருந்திருந்தால் அவளுக்கு எதுவுமே தெரிந்திருக்காது. அதை நினைக்க நினைக்கக் கோபம் நிற்க இடமில்லாமல் தவித்தது. ஈர ஏணியை இரு கைகளாலும் பிடித்தாள்.

"இனி பாக்கணும்னா நேர வந்து பாருங்க. நானும் உங்கள பாக்கணும்ல..."

அவன் பாதி ஏணி இறங்கி நின்றான். "எனக்கு உங்கள ரொம்ப புடிச்சிருக்கு மிஸ்."

"மேனகா," என்றாள், ஏணியை விடாமல்.