வலி நின்ற கால்

வாளி காலில் இடித்தபோது பெருமாயிக்கு வலிக்கவில்லை.

வார்டைக் கழுவிக்கொண்டே வந்த ஆயா பொன்னுத்தாய் தகர வாளியைத் திருப்பிய வேகத்தில், மாவுக்கட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த விரல்களில் அது ணங்கென்று மோதியது. பெருமாயி பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். முந்தாநாள் போர்வை உரசியதற்கே உயிர் போன கால் அது. இப்போது வேறு யாருடைய காலையோ இடித்த மாதிரி இருந்தது.

கடுக்காய் பறிக்க மரமேறி விழுந்தவள் அவள். புருஷன் ஒச்சனும் இன்னும் மூன்று பேரும் மலையடுக்கிலிருந்த அடுக்கம் கிராமத்திலிருந்து டோலி கட்டி, ஒரு பகல் முழுக்க மலையேறி, கொடைக்கானல் ஆஸ்பத்திரியில் கொண்டுவந்து போட்டார்கள். இடுப்பிலிருந்து பாதம் வரைக்கும் மாவுக்கட்டு போட்டாயிற்று. எழுந்து உட்காரவும் முடியாது, குனிந்து காலைத் தொடவும் முடியாது.

முதல் மூன்று நாளும் கட்டு இறுக்குகிறது என்று அலறினாள்.

"கட்டுன்னா இறுக்காம என்ன செய்யும்? பேசாம கெட" என்றாள் பொன்னுத்தாய்.

"காட்டுல கெடக்குற ஆளுகளுக்கு வலி தெரியாதும்பாங்க. இவ என்னடான்னா வார்டையே ரெண்டாக்குறா" என்று நர்ஸ் தமயந்தி சொன்னபோது, அடுத்தடுத்த கட்டில்களில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

இன்றைக்கு வலி நின்றுவிட்டது என்று சொன்னதும் தமயந்தி முதல்தடவையாக அவள் முகத்தைப் பார்த்தாள். "இப்பத்தான் நல்ல புள்ள. இப்படியே இரு."

வலி போன இடத்தில் வாடை வந்தது.

முதலில் பினாயில் வாடைக்குக் கீழே, ஈரச்சுவரின் பாசி வாடைக்குக் கீழே, எங்கோ ஒரு மூலையில் எலி செத்துக் கிடப்பதுபோல் லேசாகத்தான் இருந்தது. காற்றடித்தால் போய்விடும், யூகலிப்டஸ் இலை மணம் ஜன்னல் வழியே வந்து அதை மூடிவிடும், காற்று நின்றதும் மறுபடி அவள் கட்டிலையே சுற்றும். மறுநாள் படுத்தபடியே போர்வையைத் தூக்கினாள். வாடை முகத்தில் அடித்தது. விழுந்து கிடக்கும் மானைப் பார்க்காமலே, செத்து எத்தனை நாளென்று மூக்கால் சொல்லிவிடுவாள் அவள். இது மூன்று நாள்.

"தாயி, இது செத்த வாடை. எனக்குத் தெரியும். கட்டை அவுத்து ஒருவாட்டி பாருங்க தாயி."

"நீ குளிச்சு எத்தனை நாளாச்சு?" என்று கேட்டுவிட்டு தமயந்தி அடுத்த கட்டிலுக்குப் போனாள்.

அங்கே குதிரைச் சவாரியில் விழுந்து மணிக்கட்டு பிசகிய மதுரைக்காரம்மா இருந்தாள். சீசனுக்கு வந்தவள். அவளுக்கு வெந்நீர்ப் பை வந்தது, ஹார்லிக்ஸ் வந்தது. டாக்டர் சுவாமிநாதன் நாற்காலி போட்டு உட்கார்ந்து அவளோடு இங்கிலீஷில் பேசினார். போகிறபோது பெருமாயியின் மாவுக்கட்டை விரலால் இரண்டு தட்டு தட்டினார். சுவரைத் தட்டுகிற மாதிரி. விரல்களைப் பார்க்கவில்லை.

"டாக்டரய்யா, காலு…"

"ஆறு வாரம்" என்றார், நர்ஸைப் பார்த்து.

மதுரைக்காரம்மா மூக்கில் சேலைத் தலைப்பை வைத்துக்கொண்டாள். மத்தியானத்துக்குள் பெருமாயி பின்பக்க வராந்தாவுக்குப் போய்விட்டாள். கட்டில் கதவில் நுழையாததால், தரையில் மெத்தையைப் போட்டுக் கிடத்தினார்கள். தண்ணீர்த் தம்ளரைத் தலைமாட்டில் வைத்துவிட்டுப் பொன்னுத்தாய் கதவை உள்ளே தாழிட்டாள். பனி வார்டுக்குள் வந்துவிடுமாம்.

மூன்று மணிக்கு ஒச்சன் வந்தான். மெத்தை அருகே உட்கார்ந்தவன் மூக்கை உறிஞ்சினான். போர்வையை விலக்கி விரல்களைப் பார்த்தான். அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். கேட்க வேண்டியிருக்கவில்லை. ஆனாலும் கேட்டாள்.

"என்ன நெறத்துல இருக்கு?"

"ஒண்ணுமில்ல. நா டாக்டரு வீட்டுக்கே போயி கூட்டியாறேன். வெரசா வந்துருவேன்."

ஓடினான். ஏரிப்பக்கமிருந்து பனி ஏறி வந்தது. முதலில் வேலி மறைந்தது, பிறகு மரங்கள், பிறகு வராந்தாத் தூண்கள். வெகுநேரம் கழித்து வாசல்பக்கம் ஒச்சனின் குரல் கேட்டது. யாரோ அவனை உள்ளே விட மறுத்துக்கொண்டிருந்தார்கள். "பார்வை நேரம் முடிஞ்சு போச்சு, நாளைக்கு வா." அவன் சத்தம் போட்டான். கெஞ்சினான். "சாமி, சாமி" என்றான். பிறகு அதுவும் கேட்கவில்லை.

வெள்ளையாக இருந்தது எல்லாம்.

சளப், சளப் என்று ஒரு சத்தம். யாரோ கிழக்குப் பக்கம் துணி அலசுகிறார்கள் என்று நினைத்தாள். கிழக்கிலிருந்து வரவில்லை. பக்கத்திலிருந்து வந்தது. மிகப் பக்கத்திலிருந்து.

கால்மாட்டில் போர்வை அசைந்தது.

அவள் அசைக்கவில்லை.

இரண்டு காதுகள் தெரிந்தன. மெலிந்த முதுகு. நாய். அவள் விரல்களை நக்கிக்கொண்டிருந்தது, குட்டியை நக்குவதுபோல அத்தனை பதமாக.

"சூ! போ!"

நிமிர்ந்து பார்த்தது. வாலை ஆட்டியது. மறுபடி குனிந்தது.

ஜன்னல் கண்ணாடிக்குள் விளக்கு வெளிச்சம். தமயந்தியின் முதுகு. மதுரைக்காரம்மாவுக்குத் தலையணை சரிசெய்துகொண்டிருந்தாள்.

"தாயி! நாயி! தாயி!"

தம்ளரால் தரையை அடித்தாள். அடித்தாள். அடித்தாள். தமயந்தி திரும்பினாள். கண்ணாடி முழுக்கப் பனி. எதையும் பார்க்காமலே உதட்டில் விரலை வைத்து 'உஷ்' என்று காட்டினாள். திரையை இழுத்துவிட்டாள்.

பெருமாயி தம்ளரை வீசினாள். நாய்மேல் படவில்லை. பனிக்குள் உருண்டு போயிற்று.

நக்குகிற சத்தம் நின்றது.

நாய் சாவகாசமாகப் படுத்துக்கொண்டது. முன்னங்கால் இரண்டையும் மாவுக்கட்டின்மேல் போட்டு அமுக்கி, தலையை ஒருபக்கம் சாய்த்து, கண்ணை மூடிக்கொண்டு, கடைவாயால் நிதானமாகக் கடிக்கத் தொடங்கியது.